சரத்தின் கடைசி அட்டை

உன் டப்பாவைத் திறந்ததும் முதலில் வந்தது சிக்கு நாற்றம்தான். மல்லாட்டை எண்ணெய், அதுதான் நிலக்கடலை எண்ணெய், துணியில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறினால் வருமே, அது. உன் சட்டையில், தலைமுடியில், நீ நீட்டுகிற பீடிக்கட்டில்கூட அந்த நாற்றம் இருக்கும். விழுப்புரம் மில்லை விட்டு வந்து எனக்குப் பதினோரு வருஷமாகிறது. மூக்கு மறக்கவில்லை. நீயே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உனக்காக அழப் பார்த்தேனே என்று நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

உன் கருமாதிக்கு மறுநாள் உன் பெண்டாட்டி கமலா அந்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். பழைய பிஸ்கட் டப்பா. "படுக்கையில இருக்கறப்பவே எடுத்து வச்சாருண்ணா. ஒங்களாண்ட குடுக்கச் சொன்னாரு," என்றாள்.

"இன்னா சொல்லிக் குடுக்கச் சொன்னான்மா?"

"ஒண்ணும் சொல்லலீங்கண்ணா. அவனுக்கே தெரியும்னு மட்டும் சொன்னாரு."

திண்டிவனம் வந்து சேரும்வரை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். உன் டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் இருக்கும், பிரியத்தில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். அவையும் இருந்தன. அடியில், செய்தித்தாளில் நாலு மடிப்பாகச் சுற்றி, ஒரு சிவப்பு அட்டை இருந்தது.

அந்த அட்டையை நான் கோர்க்க மறந்துவிட்டேன் என்றுதான் பதினோரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஊரும் அப்படித்தான் நம்பியது. எல்லாரையும் நம்ப வைத்தவன் நீ.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில்தான் அந்த மில்லில் சேர்ந்தோம். நீ மோட்டார், கம்பி, சுவிட்ச் வேலைக்கு. நான் ஷெட்டுக்குள் எந்த லோடு எங்கே போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. முதலாளி செஞ்சிப் பக்கத்து நயினார், சமணர். அதிகம் பேசமாட்டார், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார், இருட்டிய பிறகு பச்சைத் தண்ணீர்தான். வல்லம், ஓமந்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டிக்கொண்டு மல்லாட்டை வரும். ஒரு லோடு மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்று ஈரமாக வரும். இன்னொன்றில் பாதி மண்ணாக இருக்கும். ஒவ்வொரு லோடுக்கும் ஆட்களைக் கூப்பிட்டுக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போன ஒரு வாரத்தில்தான் எனக்கு அட்டை யோசனை வந்தது. முதலில் சொன்னது உன்னிடம். "சோக்காகீதுடா, செய்யி," என்றாய். அட்டைகளுக்கு ஓட்டை போட்டுக் கொடுத்ததும் நீதான்.

ஓர் அட்டைக்கு ஒரு சொல். காய வை. சலி. உடை. புடை. பொறுக்கு. காலையில் லோடைக் கையில் அள்ளிப் பார்த்து, எது வேண்டுமோ அதை மட்டும் எடுத்து, வேண்டிய வரிசையில் சணல் கயிற்றில் கோர்ப்பேன். மண் அதிகமென்றால் 'சலி' இரண்டு. நன்றாகக் காய்ந்த காய் என்றால் 'காய வை' கிடையாது. நழுவாமல் இருக்க ஒவ்வோர் அட்டைக்கும் கீழே ஒரு முடிச்சு. சரம் லோடோடு கூடவே போகும். அந்தந்த இடத்து ஆள் தன் அட்டையைப் பார்த்து வேலையை முடித்து, சரத்தை அடுத்த இடத்து ஆணியில் மாட்டிவிடுவார். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் வைத்திருந்தேன்.

எண்ணெய் மில்தானே, கடைசியில் எல்லாம் செக்குக்குத்தான் போகும். அதனால் 'ஆட்டு' என்று ஓர் அட்டை நான் எழுதவில்லை. சரம் முடிந்தால் செக்கு என்று ஏற்பாடு. விதைக்காக உடைத்துத் தரச் சொல்லி வருகிற காய் மட்டும் வேறு. அதைக் கை மிஷினில் பதமாக உடைத்து, பொறுக்கி, பருப்பாகவே மூட்டை கட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தச் சரத்தின் கடைசியில் ஒரு சிவப்பு அட்டை கட்டுவேன். 'நிறுத்து.' அதன் பின்பக்கம் யாருடைய விதை, எந்த ஊர் என்று எழுதுவேன்.

"முடிவ எழுதாம வுட்டா ஒருநாளு பேஜாராப் பூடும்டா," என்று நீ சொன்னாய். "ஒரு அட்டை மிச்சம்டா," என்று நான் சிரித்தேன். அந்தத் தப்பு என்னுடையது. இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தனை பேர் வேலை செய்த ஷெட்டில் அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நீ ஒருத்தன்தான்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த சமயம் மில்லுக்குப் புது மோட்டார்கள் வந்தன. கூடவே உன் பலகையும் பிறந்தது. ஆளுயர மரப்பலகை. வரிசையாகச் சுவிட்சுகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சின்ன பல்பு. சலிக்கிற மிஷினிலிருந்து உடைக்கிற மிஷினுக்கு, அதிலிருந்து புடைக்க, அப்புறம் செக்குக்கு என்று வாளிச் சங்கிலியே காயை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டும். ஓர் ஆள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சுவிட்சுகளைப் போட்டால் போதும். பல்பு எரிந்தால் மிஷின் ஓடுகிறது, அணைந்தால் நின்றுவிட்டது. நீ அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பாய். பொறுக்குகிற பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். உண்மையில் அழகாகத்தான் இருந்தது.

ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் நாம் போட்ட சண்டை எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது.

"நீ ரெண்டு நாளு ஜொரத்துல படுத்தா ஒன் அட்டை இன்னா ஆவும்? மில்லும் ஒன்னோட படுத்துக்கினு கெடக்கணுமா? எம் பலகையாண்ட ஆர வேணா ஒக்கார வையி, ஓடும்," என்றாய் நீ.

"எதுக்குச் செஞ்சியோ அதுக்கு மட்டும் ஓடும். வெதைக்காய் வந்தா இன்னாடா பண்ணும்? புதுசா ஒரு வேலை வந்தா நீ பலகைய அவுத்துக் கம்பி மாத்தணும். நான் ஒரு அட்டை எழுதிக் கோத்துட்டுப் போய்க்கினே இருப்பேன்."

"ஒரு அட்டை மாறிப்போனா?"

"மாறாதுடா. நான் கோக்கறேன்ல."

அவ்வளவு திமிர் எனக்கு அப்போது. நீ டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தாய். பிறகு நீயாகத்தான் சொன்னாய். "ரெண்டுமே இருக்கட்டுமே. எண்ணெய்க்குப் பலகை, வெதைக்கு அட்டை. மொதலாளியாண்ட ரெண்டு பேரும் சேந்து சொல்லிடலாம்." நான் உன் தோளில் தட்டினேன். இன்னொரு டீ சொன்னேன். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

சொன்னபடி இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். நயினார் கேட்டுக்கொண்டார். "ஒரு மில்லுக்கு ஒரு வழி போதும்பா. ரெண்டு இருந்தா ஆளுங்க கொழம்பிப் போவாங்க. ஒருநாள் ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க. எது நெலைச்சு நிக்குதோ, அந்த ஆளே ஷெட்டுக்கு மேஸ்திரி." வெளியே வந்ததும் நான் உன் முகத்தைப் பார்த்தேன். "பாத்துக்கலாம் வுடு," என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். அந்த முகத்தில் எதையாவது பார்க்கத் தவறிவிட்டேனா என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பரீட்சை நாளன்று காலை வல்லத்திலிருந்து கோவிந்தம்மா அக்கா எட்டு மூட்டை விதைக்காய் கொண்டுவந்தாள். புருஷன் போன பிறகு தனி ஆளாகக் கொல்லை நிலத்தைப் பயிர் செய்து பார்த்தவள். அந்தக் கொடி மல்லாட்டை அவள் மாமியார் காலத்திலிருந்து வருஷா வருஷம் எடுத்து வைத்து விதைத்து வந்த விதை. வேறு யாரிடமும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து கையால் உடைக்க ஆள் இல்லாமல் என்னை நம்பி இரண்டு வருஷமாக மில்லுக்குக் கொண்டுவந்தாள். நயினாரே சொன்னார், "இந்த வெதை அட்டையில ஓடட்டும். அதான் கஷ்டம். அதுல தெரிஞ்சிடும்."

"செவப்பு போட்டுட்டியா, தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"போட்டுட்டேன்கா."

"நீ சொன்னா போதும்." சரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டவுனுக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் பலகை ஓடியது. நயினார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஜல்தியா முடிங்கப்பா, பொழுது சாயறதுக்குள்ள நான் எந்திரிக்கணும்," என்று இரண்டு தடவை சொன்னார். ஷெட்டின் மறுபக்கம் பெண்கள் கோவிந்தம்மாவின் பருப்பைப் பொறுக்கி முடிக்கிற நேரம். சரம் அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நீ என்னைக் கூப்பிட்டாய். "பெல்ட்டு வழுக்குதுடா. ஸ்டோர்லேந்து கொஞ்சம் குங்கிலியம் எடுத்தாயேன். நான் இத வுட்டு நவுர முடியாது." வழுக்கினால் பெல்ட்டில் தூவுகிற குங்கிலியம்தான், தினமும் செய்வதுதான். உன் பலகை என் எதிரி என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஓடினேன். ஸ்டோர் சாவியைத் தேடி எடுத்துத் திறக்க அரைமணிக்கு மேல் ஆயிற்று.

திரும்பி வந்தபோது புது எண்ணெய் வாசனை வந்தது. செக்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். கோவிந்தம்மாவின் பருப்பில் பாதிக்கு மேல் செக்குக்குள் போய்விட்டது. மிச்சத்தையும் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். "நிறுத்துங்க, நிறுத்துங்க," என்று கத்தினேன். செக்கு ஓட்டுகிறவர் பயந்துபோய்ச் சரத்தை என்னிடம் நீட்டினார். "செவப்பு இல்லீங்களே. இருந்தா நான் தொடுவேனா?"

சரத்தை என் கையிலிருந்து வாங்கியவன் நீ. நயினார் பார்க்க, எல்லாரும் பார்க்க, ஒவ்வோர் அட்டையாக விரலால் தொட்டு எண்ணினாய். "சலி. கை ஒடை. பொட. பொறுக்கு." நிறுத்தினாய். என்னைப் பார்த்தாய். எவ்வளவு வருத்தமாகப் பார்த்தாய் தெரியுமா? "செவப்பு கோக்கலியேடா," என்றாய்.

நான் கோர்த்ததாகத்தான் நினைவு. ஆனால் சரம் அங்கே இருந்தது, அட்டை இல்லை. கண்ணால் பார்த்ததற்கு மேல் என் நினைவை நான் எப்படி நம்புவது? அறுந்து விழுந்திருக்குமோ என்று தரையில் மண்டி போட்டுத் தேடினேன். உமியைக் கையால் கிளறினேன். நீயும் என்னோடு மண்டி போட்டுத் தேடினாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் பையில் இருந்ததை என்னோடு சேர்ந்து நீ தரையில் தேடியிருக்கிறாய்.

கோவிந்தம்மா வந்தாள். யார் எப்படிச் சொன்னார்கள் என்று தெரியாது. என் எதிரில் வந்து நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கேட்டேனே, தம்பி," என்றாள். "போட்டுட்டேன்னு சொன்னியே." நயினார் பெரிய மனசோடு குடோனிலிருந்து வேறு விதை எடுத்துக் கொடுத்தார். அது வேறு ரகம். அந்த வருஷம் அவள் கொல்லையில் அது சரியாக வரவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்தக் கொடி விதை அத்தோடு போயிற்று. நயினார் அன்று சாப்பிடாமலே படுத்தாராம். மறுநாள் பலகையே போதும் என்று முடிவாயிற்று, நீ மேஸ்திரி ஆனாய். விதை உடைக்கிற வேலையையே மில்லில் எடுத்துவிட்டார்கள்.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நான்தான் இருக்க முடியாமல் திண்டிவனத்தில் இந்த லாரி புக்கிங் ஆபீஸுக்கு வந்துவிட்டேன், மூட்டைகளுக்குச் சீட்டு கட்டுகிற வேலைக்கு. பஸ் ஏற்றிவிட வந்தவன் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டாய். வழியெல்லாம் என் படுக்கைச் சுருட்டை நீதான் மடியில் வைத்திருந்தாய். "வுடுடா. மனுசன்னா மறக்கறதுதான். நான் மறக்கலியா எத்தினி தடவ?" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். இந்தச் சிநேகிதன் இருக்கும்போது எனக்கென்ன என்று நினைத்தேன். அன்று உன்னை விடப் பெரியவன் எனக்கு யாரும் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது திண்டிவனம் வருவாய். படியேறும்போதே, "சீட்டு எண்ணிட்டியாடா?" என்று கிண்டல். நானும் சிரிப்பேன். எண்ணிக்கொண்டுதான் இருப்பேன். ஒரு மூட்டைக்குச் சீட்டு கட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன் நான். இங்கே என்னை ஹெட் கிளார்க்காகப் போடுகிறேன் என்று இரண்டு தடவை சொன்னார்கள். வேண்டாம் என்றேன். என் மகளுக்கு டைபாய்டு வந்தபோது ஒரு வேளை மருந்துகூட என் கையால் கொடுக்கவில்லை. கொடுத்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாமல் போய்விடும் என்று பயம். வீட்டுக்காரி, "இன்னா மனுசன் நீ, பெத்த புள்ளைக்கு மருந்து குடுக்க ஆளு பாக்கற?" என்று கத்தினாள். அதை உன்னிடம் சொன்னேன் நான். உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ பீடியைப் பற்ற வைத்தாய்.

அப்போது சொல்லியிருக்கலாமே. அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னை அடித்திருப்பேன், சட்டையைக் கிழித்திருப்பேன், ஆறு மாதம் மூஞ்சியைப் பார்த்திருக்க மாட்டேன். அப்புறம் ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்திருப்போம்.

ஒருமுறை மில்லுக்கு வந்து உன் பலகையைப் பார்த்தேனே, நினைவிருக்கிறதா? ஐப்பசி மழையில் ஈரக்காயாக வந்து சங்கிலியெல்லாம் சிக்கிக்கொண்ட சமயம். சுவிட்சுகளுக்கு அடியில் வரிசையாக அட்டைகள் தொங்கின. உன் கையெழுத்து. 'ஈரமானால் இதைப் போடாதே.' 'முதலில் அது, பிறகு இது.' நான் சிரித்தேன். "இன்னாடா, பலகைக்கும் அட்டை கட்டிட்டியா?" நீ சிரிக்கவில்லை. உன் முகம் அன்று கறுத்துப் போனதற்கு எனக்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாகிவிட்டது. முன்பக்கம் 'நிறுத்து'. பின்பக்கம் என் கையெழுத்தில் 'வல்லம், கோவிந்தம்மா, கொடி விதை'. ஓட்டையில் சணல் இன்னும் இருக்கிறது. கீழே என் முடிச்சு அவிழாமல் அப்படியே இருக்கிறது. மேலே ஒரு விரற்கடை கயிறு, நுனி பிசிறில்லாமல் வெட்டியிருக்கிறது. உன் கட்டிங் பிளேயரை அந்த நுனியில் வைத்துப் பார்த்தேன். அதையும் கூடவே வைத்து அனுப்பியிருக்கிறாயே, வேண்டுமென்றுதானா? 'அவனுக்கே தெரியும்' என்றாயாம். தெரிகிறது. உன் சட்டையைப் பிடிக்க முடியாத இடத்துக்குப் போன பிறகு தெரிய வைத்திருக்கிறாய். இதை மன்னிப்புக் கேட்டதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். தூக்கிப் போடாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தாய் என்பதற்காகக் கொஞ்சம் மனம் இளகப் பார்க்கிறது. இளக விடமாட்டேன். கமலாவிடம் சொல்லவும் மாட்டேன். அது அவளுக்காக.

போன ஞாயிற்றுக்கிழமை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வல்லம் போனேன். உன் முகத்துக்கு நேரே நீட்ட முடியாததை அவளுக்காவது காட்ட வேண்டும் என்று. கோவிந்தம்மா அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கொல்லையில் மல்லாட்டைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னை அவள் அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று. "அக்கா, நான் அன்னிக்கு செவப்பு போட்டேன்கா. பாருங்க, ஒங்க பேரு எழுதியிருக்குது. முடிச்சு பாருங்க. வெட்டி எடுத்துட்டாங்க," என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே.

மண் படிந்த கையில் அட்டையை வாங்கினாள். படிக்கத் தெரியாது, ஆனால் இரண்டு பக்கமும் பார்த்தாள். முடிச்சைக் கட்டை விரலால் தடவினாள்.

"இது மொளைக்குமா, தம்பி?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. என் கையிலேயே அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, "மோர் குடிச்சிட்டுப் போ," என்று சொல்லி, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் புக்கிங் ஆபீஸைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்விட்டேன். நான் மறக்கிறவன் இல்லை, ஒருநாளும் மறந்ததில்லை. அத்தாட்சி பையிலேயே இருந்தது. ஆனாலும் திரும்பி வந்தேன். பூட்டு பூட்டித்தான் இருந்தது. பிடித்து இழுத்துப் பார்த்தேன், மூன்று தடவை.